காலி டின்னைக் கைவினைக் கலனாக்குதல்: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கைவேலை செய்பவரின் மேசையில் பிரஷ்கள் ஒரே குவளையில் நெருக்கியடித்து நிற்கும், பட்டன்கள் முடிச்சுப் போட்ட பையொன்றில் கிடக்கும், கத்தரிக்கோலைத் தேடியே பாதி நேரம் போய்விடும். அதே வீட்டின் குப்பைக்கூடையில் அவ்வப்போது காலி டின்கள் விழுந்துகொண்டிருக்கும். அந்த டின்களைச் சுத்தம் செய்து, கை வெட்டாதபடி விளிம்பை மழுக்கி, மேலே அழகுபடுத்தி, கைவினைப் பொருட்களை வைக்கும் கலன்களாக மாற்றுவது எப்படி என்பதைத் தொடக்கம் முதல் இங்கே சொல்கிறேன்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் அலங்காரம் கடைசியாகத்தான் வருகிறது. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் டின்னைக் கையில் எடுத்ததும் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வெறும் தண்ணீரில் அலசிய டின்னின் மேல் நீல நிற எனாமல் பெயின்ட் அடித்துவைத்தேன். இரண்டு நாள் பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து, நகம் பட்ட ஓர் இடத்திலிருந்து அந்த பெயின்ட் பாம்புச்சட்டையைப் போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்குத் தகரத்தின் மேல் அப்படியே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு டின்னுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் விளிம்புக்கும் கழுவுவதற்குமே போகட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்?

டின்னைத் தேடுவதற்கு முன் பொருளைத் தீர்மானியுங்கள். பரவலாகக் கிடைக்கும் 400 கிராம் அளவு டின் ஏறத்தாழ 7.3 செ.மீ. விட்டமும் 11 செ.மீ. உயரமும் கொண்டது. சீவாத புதுப் பென்சில் 18 செ.மீ. அளவு இருப்பதால், அந்த டின்னில் நின்றால் 7 செ.மீ. வெளியே தெரியும், விரலால் பிடித்து எடுக்க அது சரியான அளவு. பாதி தேய்ந்த வண்ணப் பென்சில்களும் மெழுகுக் கிரேயான்களும் அதே டின்னுக்குள் மூழ்கிப்போகும். அவற்றுக்கு உயரம் குறைந்த டின்னைப் பயன்படுத்தலாம், அல்லது கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, அதற்கு அட்டைத் துண்டுகளால் கால் கொடுத்து, உள்ளே ஒரு பொய்த் தளம் அமைக்கலாம்.

நீளமான பின்னல் ஊசிகளும் நீண்ட காம்புள்ள பிரஷ்களும் எதிர்மாறான சிக்கலைத் தருபவை. அவற்றின் எடை மேலே சேர்ந்துவிடுவதால், டின் சற்றுத் தட்டினாலே கவிழ்ந்துவிடும். அடியில் கூழாங்கற்களை ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அவற்றின் மேல் வட்ட அட்டையை ஒட்டிவிட்டால் டின் உறுதியாக நிற்கும். பட்டன், மணி, ஊக்கு போன்ற சிறு பொருட்களுக்கு உயரமான டின் கொஞ்சமும் ஒத்துவராது. அடியில் கிடக்கும் ஒரு பட்டனை எடுக்க அத்தனையையும் கொட்ட வேண்டியிருக்கும். ஆகவே அவற்றுக்கு 4 அல்லது 5 செ.மீ. உயரமுள்ள தட்டை டின்களைத் தனியாகச் சேர்த்துவையுங்கள்.

எந்த டின், எது வேண்டாம்

நாம் வாய்ப்பழக்கத்தில் டின் என்றும் தகர டப்பா என்றும் சொல்வது பெரும்பாலும் ஏறத்தாழ 0.2 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடுதான். அதன் மேல் வெள்ளீயம் மிக மெல்லிய பூச்சாக இருக்கிறது. அப்பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். எஃகைத் துருவிலிருந்து காப்பது இந்தப் பூச்சு. அது கீறப்பட்டால், கீறிய இடத்தில் எஃகு வெளிப்பட்டு, ஈரம் பட்டதும் துரு பிடிக்கத் தொடங்கும். பின்னால் உப்புத்தாள் போடும்போதும் துளையிடும்போதும் இதை மறந்துவிடக் கூடாது.

சில டின்கள் அலுமினியத்தால் ஆனவை. காந்தத்தை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் அலுமினியம். குளிர்பானம் வரும் அலுமினிய டின்களின் சுவர் மிக மெல்லியது. மேற்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டால் கையழுத்தத்திலேயே நசுங்கும், வெட்டிய விளிம்பும் பிளேடைப் போல இருக்கும். ஆகவே முதல் முயற்சிக்கு எஃகு டின்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பவுடர் வகைகள் வரும் உயரமான டப்பாக்களில் சிலவற்றின் அடிப்பாகம் மட்டுமே உலோகம்; சுற்றுச்சுவர் கெட்டி அட்டை. அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் சுவர் ஊறிப் பிரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தாளோ துணியோ ஒட்டுவதற்கு அவை நல்ல கலன்கள்.

பூச்சிமருந்து, கரைப்பான், வாகன எண்ணெய் ஆகியவை இருந்த டின்களை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட வேண்டாம். அழுத்தத்தில் பீய்ச்சும் ஸ்பிரே டப்பாக்களை ஒருபோதும் வெட்டித் திறக்கக் கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே வாயு மிச்சம் இருக்கும், அது வெடிக்கவோ தீப்பற்றவோ கூடும். பழைய பொருட்களில் ஆர்வமுள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழங்காலத்து டின்களின் பக்கவாட்டு இணைப்பு ஈயம் கலந்த பற்றாசால் (சால்டர்) ஒட்டப்பட்டது. அவற்றை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் கிளம்பும். பக்கவாட்டில் மெல்லிய, சீரான கோடு மட்டும் ஓடும் டின் பற்றவைப்பால் (வெல்டிங்) இணைக்கப்பட்டது; கோடே இல்லாத டின் ஒரே தகட்டிலிருந்து இழுத்து உருவாக்கப்பட்டது. இவ்விரண்டும் நம் வேலைக்கு ஏற்றவை.

விளிம்பு: முதல் வேலை, முக்கிய வேலை

தகர டின்னில் உணவை அடைத்துப் பாதுகாக்கும் முறைக்கு 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை பெற்றார். டின்னைத் திறப்பதற்கென்றே ஒரு கருவிக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை பெற்றதோ 1858இல். இடைப்பட்ட காலத்தில் மக்கள் உளியும் சுத்தியலும் கொண்டே டின்னைப் பிளந்தார்கள். அந்த வாய்களின் கூர்மையை நினைத்தாலே கை கூசுகிறது. நமக்கு நல்ல திறப்பான்கள் இருக்கின்றன. ஆனாலும் எதைக்கொண்டு திறக்கிறோம் என்பதைப் பொறுத்தே விளிம்பில் நமக்கு மிஞ்சும் வேலை அமைகிறது.

டின்னின் உள்வட்டத்தில் வெட்டிக்கொண்டு போகும் சாதாரணத் திறப்பான், வாயின் உட்புறத்தில் சிறுசிறு பற்களைப் போன்ற பிசிறுகளை விட்டுச்செல்லும். வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறக்கும் டின்னில் உட்பக்கமாக ஒரு மெல்லிய வளைவுத் தகடு நின்றுவிடும். பார்க்க ஒழுங்காகத் தெரிந்தாலும் அது நன்றாகவே வெட்டும். டின்னின் மேல் மடிப்பைப் பக்கவாட்டிலிருந்து பிரித்து எடுக்கும் வகைத் திறப்பான் ஒன்றும் உண்டு. அதனால் திறந்த டின்னின் வாய் ஏறக்குறைய மழுங்கலாகவே இருக்கும், மூடியும் முழுதாக வந்துவிடும். டின் வேலையைத் தொடர்ந்து செய்யும் எண்ணம் இருந்தால் முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பது என் கருத்து. மற்றக் கருவிகளெல்லாம் பொறுத்து வரலாம்.

சாதாரணமாகத் திறந்த டின்னாக இருந்தால், தடித்த கையுறை அணிந்துகொண்டு, டின்னை மடியில் வைக்காமல் மேசை மேல் ஒரு ஈரத்துணியின் மீது நிறுத்துங்கள். துணி டின்னை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். தட்டையான வாயுள்ள குறட்டால் பிசிறுள்ள இடங்களை உட்சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டே ஒரு முழுச் சுற்று வாருங்கள். குறட்டைத் திருகவோ இழுக்கவோ வேண்டாம்; வெறுமனே அழுத்தினாலே தகரம் படிந்துவிடும். இரண்டாவது சுற்றில் அரத்தை விளிம்பின் மேல் சாய்வாக வைத்து, ஒரே திசையில் தள்ளித் தள்ளித் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாக இழுத்தால் அரம் தெறித்துக் கையில் படும். கடைசியாக 120 எண் உப்புத்தாளை விரலில் சுற்றாமல் ஒரு மரக்குச்சியில் சுற்றிக்கொண்டு உள்விளிம்பு முழுவதையும் தேய்த்துவிட்டு, 220 எண் தாளால் மறுபடி ஒரு சுற்று வாருங்கள்.

வேலை முடிந்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பது பெரும்பாலோரின் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். பஞ்சு உருண்டை ஒன்றை விளிம்பில் மெதுவாகச் சுற்றிவர இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை சிக்கி நிற்கும். அந்த இடத்தை மட்டும் மீண்டும் தேய்த்தால் போதும். பஞ்சு எங்கும் சிக்காமல் ஒரு முழு வட்டம் சுற்றிவந்த பிறகே அந்த டின்னை வெறுங்கையால் தொடலாம். வீட்டுக் குழந்தைகளோடு சேர்ந்து செய்வதானால் இதுவரையிலான வேலையைப் பெரியவர்களே முடித்துவைத்துவிட்டு, அவர்களைப் பெயின்டுக்கு அழைத்தால் போதும்.

லேபிளும் பிசுக்கும்

விளிம்பு மழுங்கிய பிறகுதான் கழுவ வேண்டும். இல்லையென்றால் கழுவும்போதே கை வெட்டுப்படும். தாள் லேபிள் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் மட்டுமே பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஓரத்தைக் கண்டுபிடித்துக் கிழிக்காமல் உரித்துவிட்டால், லேபிளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பின்னால் தாளோ துணியோ வெட்டும்போது அளவு பார்க்க அதைவிடச் சரியான மாதிரி கிடையாது. முழுக்க ஒட்டிய லேபிளாக இருந்தால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேங்காய் நாரோ மரக்கரண்டியோ கொண்டு தள்ளினால் வந்துவிடும். கத்தியால் சுரண்டினால் வெள்ளீயப் பூச்சும் சேர்ந்து போய்விடும்.

மிஞ்சி நிற்கும் பசை தண்ணீருக்கு மசியாது. சமையல் எண்ணெயையும் சமையல் சோடாவையும் சம அளவு குழைத்து அதன் மேல் தடவி, பதினைந்து நிமிடம் விட்டுத் துணியால் தேய்த்தால் பசை உருண்டு உருண்டு வரும். இந்த முறையில் ஒரு பிசுக்கை எடுக்க இன்னொரு பிசுக்கைப் பூசுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. எண்ணெயின் சுவடு போகும்வரை சோப்பால் இருமுறை கழுவுங்கள். கழுவியதும் சுவரில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி வழிந்தால் தகரம் சுத்தமாக இருக்கிறது. அங்கங்கே முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். நான் அந்த நீல டின்னை இழந்த பிறகு கற்றுக்கொண்ட சோதனை இது; இன்றுவரை இது என்னை ஏமாற்றியதில்லை. வாடை பிடித்த டின்னில் வினிகரும் வெந்நீரும் சரிபாதியாக ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து அலசினால் வாடை அடங்கும்.

கழுவிய டின்னை உடனே துடையுங்கள். மேல் மடிப்புக்குள்ளும் அடி மடிப்புக்குள்ளும் தங்கும் ஈரம் துணிக்கு எட்டாது. வெயிலிலோ, முடி உலர்த்தும் கருவியின் வெப்பக்காற்றிலோ அந்த ஈரத்தை வெளியேற்ற வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால், பெயின்ட் அடித்த சில நாட்களில் மடிப்பை ஒட்டி ஒரு பழுப்பு நிறக் கோடு எட்டிப்பார்க்கும்.

துளையிடுதல்

கைப்பிடி மாட்டவோ சுவரில் தொங்கவிடவோ எண்ணினால், துளைகளைப் பெயின்டுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். வெறும் டின்னில் ஆணியை வைத்து அடித்தால் சுவர் உள்வாங்கி நசுங்கிவிடும். உள்ளே ஏதாவது முட்டுக்கொடுக்க வேண்டும். டின்னுக்குள் நுழையும் உருட்டு மரக்கட்டை கிடைத்தால் அதுவே எளிது. அது கிடைக்காவிட்டால் டின்னில் தண்ணீர் ஊற்றி உறையவைத்துவிட்டு அடிக்கலாம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் என்பதால், டின்னை முழுதாக நிரப்பாமல் மேலே இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். அப்படி விட்டும் சில டின்களின் அடி வெளியே புடைக்கத்தான் செய்யும். மேற்புறமும் அடியும் பக்கங்களும் முதலில் உறைந்து நடுவில் தண்ணீர் சிறைப்பட்டால் புடைப்பு அதிகமாகும். அதற்காகவே நான் மரக்கட்டை முறையை விரும்புகிறேன். அடி புடைத்த டின் மேசையில் பம்பரம் போல ஆடிக்கொண்டே இருக்கும்.

துளை வேண்டிய இடத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, அதன் மேல் புள்ளி குறித்துக்கொண்டால் ஆணி வழுக்காது. மின்துளைக் கருவி பயன்படுத்துவதானால் உலோகத்துக்கான 3 மி.மீ. முனையை மாட்டி, குறைந்த வேகத்தில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு துளையிடுங்கள். டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு துளையிடக் கூடாது. முனை தகரத்தில் சிக்கினால் டின் சுழன்று கையைக் கிழிக்கும். எப்படித் துளையிட்டாலும் உட்புறத்தில் பிசிறு எழும். அதையும் குறட்டால் அழுத்தி அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

பெயின்ட்

பளபளப்பான தகரத்தில் பெயின்ட் பிடித்துக்கொள்ளாது. பிடிப்பு ஏற்பட மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்க வேண்டும். 220 எண் உப்புத்தாளால் லேசாக, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். தூளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, உலோகத்துக்கான பிரைமரை, அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை, மெல்லியதாக ஒருமுறை அடியுங்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டை நேரடியாக வெறும் தகரத்தில் அடித்தால், உப்புத்தாள் கீறிய இடங்களில் பெயின்ட் காய்வதற்குள்ளேயே துருப்புள்ளிகள் தோன்றலாம். பிரைமர் அதைத் தடுக்கிறது. எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட் இந்த விஷயத்தில் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது காய நேரம் எடுக்கும், வாடையும் கூடுதல், பிரஷைக் கழுவ டர்பென்டைன் வேண்டும்.

பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகு நிறத்தை இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஒரே பூச்சில் மூடிவிட வேண்டும் என்ற ஆசையில் கெட்டியாக அடித்தால் பெயின்ட் வழிந்து டின்னின் வரிகளில் தேங்கிக்கொள்ளும். டின்னின் சுவரில் வளையம் வளையமாக ஓடும் வரிகள் சுவருக்கு வலுக்கொடுப்பதற்காகவே போடப்பட்டவை; அவற்றின் பள்ளங்களில் பிரஷை வரியோடு சேர்த்துச் சுற்றிவர ஓட்ட வேண்டும், மேலிருந்து கீழாக இழுக்கக் கூடாது. ஸ்பிரே பெயின்ட் என்றால் 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து, கையை நிறுத்தாமல் ஓட்டியபடி, காற்றோட்டமுள்ள இடத்தில் அடியுங்கள். டின்னை ஒரு கழியில் கவிழ்த்து மாட்டிக்கொண்டால், கை படாமல் சுற்றிச் சுற்றி அடிக்கலாம், விளிம்பும் எங்கும் ஒட்டிக்கொள்ளாது.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக பெயின்ட் காய்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அக்ரிலிக்கானாலும் ஒரு முழு நாள் விட்டுவிட்டுத்தான் மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு டின்களை அடுத்தடுத்து வைத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ஒன்றின் நிறம் மற்றொன்றுக்குப் போய்விடும்.

தாள், துணி, கயிறு

பெயின்டின் வாடையும் காத்திருப்பும் வேண்டாம் என்பவர்களுக்குச் சுற்றி ஒட்டும் முறைகள் ஏற்றவை. முதல் டின்னுக்கு இவற்றையே பரிந்துரைப்பேன். தவறினாலும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம்.

400 கிராம் டின்னின் சுற்றளவு ஏறத்தாழ 23 செ.மீ.; மேல் மடிப்புக்கும் அடி மடிப்புக்கும் இடைப்பட்ட உயரம் 10 செ.மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஏ4 தாள் 29.7 செ.மீ. நீளமும் 21 செ.மீ. அகலமும் கொண்டது என்பதால், நீளவாக்கில் நடுவே வெட்டினால் இரண்டு டின்களுக்கு ஒரே தாள் போதும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் ஓரத்துக்கு 1 செ.மீ. விட்டு மிச்சத்தை நறுக்கிவிடலாம். ஆனால் டின்னுக்கு டின் சில மில்லிமீட்டர் மாறும். ஆகவே எண்களை மட்டும் நம்பாமல், உரித்த லேபிளையோ ஒரு நூலையோ வைத்து அளந்துகொள்ளுங்கள்.

வரிகள் ஆழமாக உள்ள டின்னில் மெல்லிய தாளை நேரடியாக ஒட்டினால் பள்ளங்களில் தாள் தொங்கி, விரல் பட்ட இடத்தில் கிழியும். முதலில் மெல்லிய அட்டையைச் சுற்றி ஒட்டிச் சுவரைச் சமமாக்கிக்கொண்டு, அதன் மேல் தாளை ஒட்டுவது நல்லது. வெள்ளைப் பசையை மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து இளக்கி, தட்டைப் பிரஷால் அட்டையில் பூசுங்கள். தாளின் ஓரத்தை டின்னின் இணைப்புக் கோட்டின் மேல் பொருத்தி, அங்கிருந்து டின்னை மேசை மேல் உருட்டிக்கொண்டே போங்கள். நடுவிலிருந்து இருபுறமும் விரலால் நீவிவிட்டால் காற்றுக்குமிழி வெளியேறிவிடும். ஆரம்ப ஓரமும் முடிவு ஓரமும் இணைப்புக் கோட்டின் மேலேயே வருவதால், பின்பக்கம் என்று ஒன்று அமைந்துவிடுகிறது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிடலாம்.

துணிக்கு மெல்லிய பருத்தியே சிறந்தது. இஸ்திரி போட்டு, மேலும் கீழும் சற்று மடித்து ஒட்டிய பிறகு டின்னில் சுற்றினால் இழை பிரியாது. பசையைத் துணியில் பூசாமல் டின்னில் பூசுங்கள். துணியில் பூசினால் பசை மறுபக்கம் ஊறிக் கறை தெரியும்.

சணல் கயிறு சுற்றிய டின்னே எனக்கு மிகவும் பிடித்தமானது. வரியும் கீறலும் உள்ள, வேறெதற்கும் உதவாத டின்னைக்கூட அது மறைத்துவிடும். வாங்குவதற்கு முன் நீளத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 3 மி.மீ. கனமுள்ள கயிறு 10 செ.மீ. உயரத்துக்கு 33 அல்லது 34 சுற்று வரும். கயிற்றின் கனமும் சேர்வதால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 செ.மீ. ஆகும். மொத்தம் 8 மீட்டர். கையிருப்பாக 9 மீட்டர் வைத்துக்கொண்டால் பாதியில் நிற்க வேண்டியதில்லை. பாதியில் தீர்ந்துபோன கயிற்றுக்கு ஒட்டுப்போட்டால், அந்த முடிச்சு எங்கே திருப்பி வைத்தாலும் கண்ணில் குத்தும்.

கயிற்றை அடியிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு சுற்றுக்கு நிறையப் பசை, பிறகு நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை ஒரு கோடு பசை, கடைசி இரண்டு சுற்றுக்கு மறுபடியும் நிறையப் பசை. ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றின் மேல் நகத்தால் தள்ளி நெருக்கிக்கொண்டே போக வேண்டும். பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கித் தரும் க்ளூ கன் வேகமானதுதான். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. தகரம் சூட்டை உடனே இழுத்துக்கொள்வதால் பசை பிடிப்பதற்குள் இறுகி, பிறகு ஒரு தட்டுத் தட்டினால் மொத்தமாகப் பெயர்ந்து வரும். மேலும், உயர்வெப்ப வகைக் கருவியில் பசை 190 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கும் என்பதால் மெல்லிய தகரத்தைப் பிடித்திருக்கும் விரலும் சுடும். தகரத்தின் மேல் வெள்ளைப் பசையும், கயிற்றின் மேல் பூவோ பட்டனோ ஒட்ட க்ளூ கன்னும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நிலைக்கும்.

உட்புறமும் அடியும்

வெளியே எவ்வளவு அழகுபடுத்தினாலும் உட்புறத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கத்தரிக்கோல் முனையும் குரோஷா ஊசியும் அடித்தகட்டைக் கீறிக்கொண்டே இருக்கும்; கீறிய இடத்தில் ஈரப் பிரஷை நிறுத்தினால் துரு வரும், அந்தத் துரு மறுநாள் வெள்ளைத் தாளில் வளையமாகப் பதியும். அடியில் வட்டமாக வெட்டிய நுரைத்தாளோ கம்பளித் துணியோ போட்டுவிட்டால் கீறலும் நிற்கும், எடுக்கும்போதும் வைக்கும்போதும் எழும் டங் என்ற ஓசையும் அடங்கும். பிரஷ்களை முழுக்க உலர்த்திய பிறகு, முடி மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். வெளி அடியிலும் ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி ஒட்டினால் மேசையில் கோடு விழாது. பெயின்டும் பசையும் பூசிய இந்த டின்களில் உணவுப் பொருள் எதையும் மறுபடி போட்டுவைக்கக் கூடாது.

ஒன்றாகச் சேர்த்தல்

தனித்தனியாக நிற்கும் டின்கள் நாளடைவில் மேசை முழுவதும் பரவிவிடும். ஒரே அளவான ஏழு டின்களை எடுத்து, ஒன்றை நடுவில் வைத்து மற்ற ஆறையும் சுற்றி நிறுத்திப் பாருங்கள். நடு டின்னையும் அடுத்த டின்னையும் தொட்டபடி ஆறும் கச்சிதமாகப் பொருந்தும். சம அளவு வட்டங்களுக்கு இயல்பிலேயே உள்ள பொருத்தம் இது. மொத்தக் குறுக்களவு ஏறத்தாழ 22 செ.மீ. தான் ஆகும். தொடும் இடங்களில் விளிம்பைப் பைண்டர் கிளிப்பால் கவ்விவிட்டால் போதும். வேண்டும்போது பிரித்து மாற்றி அடுக்கலாம். நிரந்தரமாக வேண்டுமானால், துளையிட்டு 4 மி.மீ. போல்ட்டும் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். இந்த ஏழையும் ஒரு சுழல்தட்டின் மேல் வைத்து, நடு டின்னில் உயரமான பொருட்களையும் சுற்றிலும் குட்டையானவற்றையும் போட்டால், எழுந்திருக்காமலேயே எல்லாம் கைக்கு எட்டும்.

சுவரில் மாட்டுவதானால் ஒரு பலகையில் டின்னின் பின்சுவரை உள்ளிருந்து இரண்டு திருகாணிகளால் இறுக்கலாம். திருகாணித் தலைக்கு அடியில் வாஷர் போடாவிட்டால் மெல்லிய தகரம் நாளடைவில் கிழிந்து கீழே இறங்கும். ஒரே திருகாணி போட்டால் டின் சாய்ந்து திரும்பும். தட்டையான எஃகு டின்களைக் காந்தப்பட்டையில் ஒட்டவைப்பது பட்டனுக்கும் மணிக்கும் மிக வசதியானது. ஆனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், நிறைத்த டின்னின் எடையைக் காந்தம் தாங்குகிறதா என்று முதலில் தரையை ஒட்டிய உயரத்தில் சோதித்துக்கொள்ளவும் வேண்டும். நான் அதைச் சோதிக்காமல் தலைக்கு மேல் மாட்டிய மணி டின் ஒரு நள்ளிரவில் விழுந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து இப்போதும் எப்போதாவது ஒரு சிவப்பு மணி கிடைக்கிறது.

எந்த டின்னில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டும் சீட்டை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். கைவேலை செய்பவரின் பொருட்கள் மாதத்துக்கு மாதம் மாறும். துணி உலர்த்தும் கிளிப்பொன்றில் சீட்டைச் செருகி விளிம்பில் மாட்டிவைத்தால், பொருள் மாறும்போது சீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.